ஊதாப் பந்து: ஒரு ஸ்ட்ரெயிட் பூல் தோல்வியின் ஆய்வு

ஸ்கோர் தாளின் கடைசி வரியில் 75–24 என்று இருக்கிறது. அதை மட்டும் பார்ப்பவர்கள், இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது, தெரியாதவன் தெரிந்தவனிடம் தோற்றிருக்கிறான் என்று தாளை மடித்துக் கொடுத்துவிடுவார்கள். என் மனைவி அப்படித்தான் செய்தாள். ஆனால் அதே தாளில் பத்தாவது இன்னிங்ஸுக்கு (இருவரும் ஆளுக்கு ஒரு முறை ஆடினால் ஓர் இன்னிங்ஸ்) நேரே 34–34 என்று இருக்கிறது. சமமாக நின்ற ஆட்டம் ஆறே இன்னிங்ஸில் எப்படி இந்தக் கதிக்கு வந்தது என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மேசையில் பந்துகளை அதேபோல் அடுக்கி வைத்து, திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். அதில் தெரியவந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஆட்டம். நம் ஊரில் 'பூல்' என்றால் எட்டு பந்து ஆட்டமோ ஒன்பது பந்து ஆட்டமோதான் நினைவுக்கு வரும். ஸ்ட்ரெயிட் பூல் அவற்றிலிருந்து வேறுபட்டது. கோலால் அடிக்க ஒரு வெள்ளைப் பந்து, அதைக்கொண்டு பாக்கெட்டில் தள்ள 15 பந்துகள். எந்தப் பந்தை எந்தப் பாக்கெட்டில் போடப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னபடி விழுந்தால் ஒரு புள்ளி. பந்தின் நிறமோ எண்ணோ ஒரு பொருட்டே இல்லை. பதினான்கு விழுந்ததும் ஆட்டம் நிற்கும். மீதியிருக்கும் பதினைந்தாவது பந்தும் வெள்ளைப் பந்தும் நின்ற இடத்திலேயே நிற்க, விழுந்த பதினான்கையும் எடுத்து முக்கோணமாக அடுக்குவார்கள், உச்சியில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு. இப்போது ஆட்டக்காரர் அந்த ஒற்றைப் பந்தைப் பாக்கெட்டில் போட வேண்டும். அதே அடியில் வெள்ளைப் பந்து போய் அடுக்கை மோதிக் கலைக்கவும் வேண்டும். அந்த ஒற்றைப் பந்துக்குப் பெயர் பிரேக் பந்து. அடுக்கு கலைந்தால் அடுத்த பதினான்கு. தவறும்வரை இப்படியே போகலாம். ஆட்டத்தின் அதிகாரபூர்வப் பெயரான '14.1 தொடர் ஆட்டம்' என்பதற்கு இதுதான் பொருள்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குச் சில எண்கள். வில்லி மாஸ்கோனி 1954 மார்ச்சில் ஒஹையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் தொடர்ச்சியாக 526 பந்துகள் போட்டார். எட்டடி மேசையில் நடந்த காட்சி ஆட்டம் அது. 65 ஆண்டு கழித்து, 2019இல், ஜான் ஷ்மிட் 626 போட்டு அதைத் தாண்டினார். 2022 ஜனவரியில் ஸ்காட்லாந்துக்காரர் ஜேசன் ஷா 714. இதைப் பதினான்கால் வகுத்தால் சரியாக 51 வருகிறது. 51 அடுக்குகள்! ஒவ்வோர் அடுக்கின் முடிவிலும் சரியான பந்து சரியான இடத்தில் மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சவைத்திருக்க வேண்டும் என்பதே சரி. பந்தைப் பாக்கெட்டில் போடும் கை உலகில் ஆயிரம் பேருக்கு இருக்கும். மிஞ்சவைக்கும் கை எண்ணிவிடக்கூடிய சிலருக்கே உண்டு.

நானும் மேசையும்

நான் வளர்ந்தது ராயபுரத்தில். எங்கள் தெருவில் மாலை ஆறு மணிக்கு மேல் விளக்குக் கம்பத்தடியில் கேரம் போர்டைச் சுற்றி எட்டுப் பேர் நிற்போம், நாலு பேர் ஆடுவார்கள். விரலில் ஒட்டிய பவுடர் சோறு சாப்பிடும்போதும் இருக்கும். கேரமில் நான் சுமாரான ஆள். ஆனால் கஷ்டமான காயைப் போடுவதில் பெயர் வாங்கியிருந்தேன். மூலையில் ஒட்டிக்கிடக்கும் காய், பின்பக்கமாகத் திருப்பி அடிக்க வேண்டிய காய் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். இது பின்னால் வரப்போகும் கதைக்கு முக்கியம். நல்ல கேரம் ஆட்டக்காரர்கள் கஷ்டமான காய் அடிக்கவேண்டிய நிலைமைக்கே போவதில்லை என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

பிழைப்புக்காக நியூ ஜெர்சி வந்து பல ஆண்டுகள் கழித்து, அலுவலகத்துக்கு அருகில் ஒரு கடைவரிசையின் மாடியில் பூல் கூடம் இருப்பது தெரிந்தது. ஒன்பதடி மேசைகள், அதாவது ஆடுதளம் மட்டும் 100 அங்குலத்துக்கு 50 அங்குலம். கேரம் போர்டில் கைநீட்டினால் எட்டாத இடமில்லை. இங்கே ஒரு பந்தை அடித்துவிட்டு அடுத்த பந்துக்கு நடந்து போக வேண்டும். அந்த நடை எனக்குப் பிடித்துவிட்டது. இந்தப் பகுதிக்கும் ஸ்ட்ரெயிட் பூலுக்கும் பழைய உறவு உண்டு. மாஸ்கோனி பக்கத்திலிருக்கும் ஃபிலடெல்ஃபியாக்காரர். 1941க்கும் 1957க்கும் இடையில் பதினைந்து முறை உலகப் பட்டம் வென்றவர். வெகுகாலம் நின்றுபோயிருந்த உலகப் போட்டியை 2006இல் மீண்டும் நடத்தியதும் நியூ ஜெர்சியில்தான். வென்றவர் ஜெர்மனியின் தோர்ஸ்டன் ஹோமன். ஒன்பது பந்து ஆட்டம் தொலைக்காட்சிக்கு ஏற்றதாக இருந்ததால் அமெரிக்காவில் இது ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது. ஐரோப்பியச் சாம்பியன் போட்டிகளில் இன்னும் தனிப் பிரிவாக இருக்கிறது. இங்கே வயதானவர்கள்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

நாலு மாதம் தனியாகப் பழகினேன். பயிற்சியில் தவறாமல் தொடர்ந்து போட்டதில் என் உச்சம் 31. அந்தத் துணிச்சலில்தான் பிப்ரவரி மாதத்து அமெச்சூர் போட்டிக்குப் பணம் கட்டினேன். இருபது பேர், ஐந்து பேராக நாலு பிரிவுகள், பிரிவு ஆட்டங்கள் 75 புள்ளிக்கு. பெயர் பதியும் இடத்தில் இருந்தவர் என் பெயரைப் படித்துவிட்டு, "இந்தியாவா? அப்படியானால் ஸ்னூக்கர் ஆடுவீர்கள்" என்றார், கேள்வியாக இல்லாமல் முடிவாகவே. ஸ்னூக்கரின் விதிகள் உருப்பெற்றது ஊட்டி கிளப்பில் என்பது உண்மைதான். எங்கள் தெருவில் அந்தக் கிளப்பின் வாசலைக்கூடப் பார்த்தவர் எவரும் இல்லை என்பதும் உண்மை. சிரித்துவைத்தேன்.

மைனஸ் இரண்டில் தொடக்கம்

முதல் இரண்டு ஆட்டங்களில் ஒன்றில் வென்றேன், ஒன்றில் தோற்றேன். இரண்டிலும் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது ஆட்டத்தில் எதிரே வந்தவர் எழுபது வயதைத் தாண்டியவர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, ஒரு எவர்சில்வர் பிளாஸ்க், மடித்த சிறு துண்டு. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் அந்தத் துண்டால் கியூவை, அதாவது அடிக்கும் கோலை, மேலிருந்து கீழாக ஒருமுறை துடைப்பார். ஒரே ஒரு முறை. அவசரமும் கிடையாது, இழுத்தடிப்பும் கிடையாது.

யார் தொடங்குவது என்பதற்காக இருவரும் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு பந்தை எதிர்க் குஷன்வரை (மேசையின் ரப்பர் விளிம்புவரை) அனுப்பித் திருப்பிக்கொண்டுவர வேண்டும். தலைமாட்டுக் குஷனுக்கு நெருக்கமாக நிறுத்துபவருக்குத் தேர்வு. தலைமாடு என்பது தொடக்க அடி அடிக்கும் முனை; பந்துகளை அடுக்கும் எதிர்முனை கால்மாடு. அவர் வென்றார், என்னைத் தொடங்கச் சொன்னார். மற்ற பூல் ஆட்டங்களில் தொடக்க அடி வரம்; இதில் சாபம். முழு அடுக்கின் மூலைப் பந்தை மெல்லிசாக உரசி, இரண்டு பந்துகள் மட்டும் குஷனைத் தொட்டுவிட்டுத் திரும்ப, வெள்ளைப் பந்து சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்கு வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்படி வந்தால் எதிராளிக்கு அடிக்க ஒன்றும் இருக்காது. நான் உரசியது மிகவும் மெல்லிசு. ஒரே ஒரு பந்துதான் குஷனைத் தொட்டது. தொடக்க ஃபவுலுக்கு இரண்டு புள்ளி அபராதம். கூடவே எதிராளி விரும்பினால் திரும்ப அடிக்கச் சொல்லலாம். சொன்னார். இரண்டாவது முறை பயத்தில் தடியாக அடித்தேன். அடுக்கு விரிந்து கிடந்தது. அவர் துண்டை எடுத்தார். 17 பந்துகள்.

17க்கு மைனஸ் 2. பரீட்சையில் பூஜ்யத்துக்குக் கீழே மதிப்பெண் வாங்கலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பின் எட்டு இன்னிங்ஸ் நான் நன்றாகத்தான் ஆடினேன். தொடர்ச்சியாகப் பெரிதாக எதுவும் போடவில்லை, அதிகபட்சம் ஏழு. ஆனால் அவருக்கும் கை ஓடவில்லை. நான் 23 சேர்த்து 21க்கு வந்தேன். அவர் 34க்குப் போனார். ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசியில் அவர் பிரேக் பந்தைப் போட்டு அடுக்கைப் பிரமாதமாகக் கலைத்துவிட்டு, அடுத்த எளிய பந்தைத் தவறவிட்டார். மேசையில் 14 பந்துகள், விதைத்ததுபோல் பரவிக் கிடந்தன.

பதின்மூன்று பந்துகள்

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் நாலு பந்துகள் தாமாகவே விழுந்தன என்று சொல்லலாம். பாக்கெட்டுகளின் வாசலில் இருந்தவை. ஐந்தாவது அடிக்கு நான் நின்ற இடத்திலிருந்து இரண்டு பந்துகள் தெரிந்தன. ஒன்று ஊதாப் பந்து. அடுக்கு வைக்கும் இடத்தின் வலப்பக்கம், துணியில் வரைந்திருக்கும் முக்கோணக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை வெளியே நின்றது. வெள்ளைக்கும் அதற்கும் மூலைப் பாக்கெட்டுக்கும் நேர்கோடு. இன்னொன்று மஞ்சள் பட்டை போட்ட பந்து, நடுப் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் சாய்வாக அடிக்க வேண்டியது. நான் ஊதாவைப் போட்டேன். யோசித்துப் போட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எது சுலபமோ அதற்குக் கை போயிற்று.

அதன்பின் எட்டுப் பந்துகள். ஒவ்வொன்றும் விழ விழ என் காது சூடாவது எனக்கே தெரிந்தது. பத்தாவது பந்து விழுந்தபோது பக்கத்து மேசைக்காரர்கள் இருவர் தங்கள் ஆட்டத்தை முடித்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள். பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டேன். பன்னிரண்டு விழுந்து இரண்டு மீந்தபோதுதான் பிரேக் பந்து பற்றிய நினைப்பே வந்தது. பச்சைப் பட்டை போட்ட பந்து ஒன்று அடுக்குக் கோட்டையொட்டி இருந்தது. ஒட்டியிருந்தால் இன்னும் நல்லதுதானே, வெள்ளை தப்பாமல் அடுக்கில் மோதுமே என்று கணக்குப் போட்டேன். இன்னொரு பந்தைப் பதின்மூன்றாவதாகப் போட்டு, வெள்ளையைப் பச்சைக்கு வாகான கோணத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். பிரேக் பந்துக்குக் கதவு திறந்துவிடும் இந்தப் பந்தைச் சாவிப் பந்து என்பார்கள். அந்த அடி மட்டும் என் வாழ்நாள் அடி. 34–34.

அவர் எழுந்து வந்து பந்துகளை அடுக்க முக்கோணச் சட்டத்தை எடுத்தார். மேசைமேல் வைக்கப் போனவர் நிறுத்தினார். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு சட்டத்தை என்னிடம் நீட்டி, "நீங்களே பாருங்கள். இல்லையென்றால் போட்டி நடத்துநரைக் கூப்பிடலாம்" என்றார். நான் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் வெளியே இருப்பதுபோல் இருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் பச்சைப் பந்தின் விளிம்பு பென்சில் கோட்டின்மேல் நின்றது. நடத்துநர் வந்தார், செல்பேசி விளக்கை அடித்துப் பார்த்தார், "உள்ளே" என்றார். ஒரு தலைமுடி அளவு இருக்கும்.

விதி இப்படி: பதினைந்தாவது பந்து அடுக்கின் எல்லைக்குள் இருந்து, வெள்ளை வெளியே இருந்தால், அந்தப் பந்தை எடுத்து மேசையின் தலைமாட்டுப் புள்ளியில் வைக்க வேண்டும். வெள்ளை இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக, அடுக்கும் வெள்ளையும் கால்மாட்டில், நான் அடிக்க வேண்டிய பந்து ஐம்பது அங்குலத்துக்கு அப்பால் தலைமாட்டில். பந்தைப் போடலாம், அடுக்கைக் கலைக்க வேண்டுமென்றால் வெள்ளை குஷன்களில் முட்டி மேசையின் முழு நீளத்துக்கும் திரும்பி வர வேண்டும்.

ராயபுரத்து விளக்குக் கம்பம் கண்முன் வந்தது. கஷ்டமான காயா, கூப்பிடு அவனை. நடத்துநர் இன்னும் நகரவில்லை. பக்கத்து மேசைக்காரர்களும் நகரவில்லை. பலமாக அடித்தேன். பச்சைப் பந்து பாக்கெட்டின் இரு உதடுகளிலும் மாறி மாறி மோதி, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. வெள்ளைப் பந்து மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது: இரண்டு குஷன் முட்டி, அத்தனை தூரமும் வந்து, அடுக்கை அக்குவேறு ஆணிவேறாகக் கலைத்தது. எதிராளிக்காக நான் செய்துகொடுத்த மிக அழகான பிரேக் அது.

அவர் 26 எடுத்தார். கால்மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இந்த ஆட்டத்தின் கொடுமை இதுதான்: எதிராளி ஆடும்போது நீங்கள் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. 1966இல் அமெரிக்க ஓபன் இறுதியாட்டத்தில் இர்விங் கிரேன் ஒரே மூச்சில் 150 பந்துகள் போட்டு ஆட்டத்தை முடித்தார். எதிரே இருந்த ஜோ பால்சிஸும் சாமான்யர் அல்ல, ஆனாலும் உட்கார்ந்து பார்க்கத்தான் முடிந்தது. அவரை நினைத்து ஆறுதல் தேடினேன். கை ஜில்லிட்டுப்போயிருந்தது.

ஃபவுல் கணக்கு

60–34இல் என் முறை. மூன்று பந்துகள் மிச்சம். இரண்டைப் போட்டேன், அடுக்கு வைத்தார்கள், பிரேக் பந்தையும் போட்டேன். 37. ஆனால் வெள்ளை அடுக்கை மோதாமல் அதன் தோளில் சாய்ந்து நின்றுவிட்டது. எந்தப் பந்துக்கும் வழியில்லை.

இந்த நிலைமைக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. வேண்டுமென்றே ஃபவுல் செய்வது. வெள்ளையை லேசாகத் தட்டி அங்கேயே விட்டுவிட்டால் ஒரு புள்ளி போகும், ஆனால் எதிராளிக்கும் அதே முட்டுச்சந்து. கேரமில் ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டில் விழுந்தால் காயை எடுத்து வைப்பதுபோல, ஒன்று போனால் போகட்டும் என்ற கணக்கு. தட்டினேன்: 36. அவரும் தட்டினார்: 59. நான் மறுபடி தட்டினேன்: 35. அவரும் மறுபடி: 58. அப்போதுதான் ஸ்கோர் எழுதும் பையன் என்னைப் பார்த்து, "உங்களுக்கு இரண்டு" என்றான்.

தொடர்ந்து மூன்றாவது ஃபவுலுக்கு ஒரு புள்ளியோடு கூடுதலாகப் பதினைந்து போகும். இருவரும் ஆளுக்கு இரண்டு ஃபவுலில் நிற்கிறோம். ஆனால் அடுத்து அடிக்க வேண்டியவன் நான். இது கடைசி நிமிடத்தில் வந்த ஆபத்தே இல்லை. முதல் தட்டைத் தட்டியவன் எவனோ அவன்தான் மூன்றாவதுக்கும் முதலில் போய்ச் சேருவான். ஒற்றைப்படை இரட்டைப்படை தெரிந்த குழந்தைக்கே இது தெரியும். நான் ஒரு புள்ளியைப் பார்த்தேன், வரிசையைப் பார்க்கவில்லை. அவர் பார்த்திருந்தார். முதல் தட்டுக்குப் பதில் தட்டு தட்டும்போது அவர் துண்டைக்கூட எடுக்கவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இனி சட்டப்படி அடித்தாக வேண்டும்: வெள்ளை ஏதாவது ஒரு பந்தைத் தொட்ட பிறகு, ஏதாவது ஒரு பந்து குஷனைத் தொட வேண்டும். பலமாக அடித்தால் அடுக்கு கலைந்து அவருக்கு விருந்து. மெதுவாக அடித்தால் குஷனை எட்டாது. பயந்தவன் எதைச் செய்வானோ அதைச் செய்தேன். பின்வரிசைப் பந்து ஒன்று குஷனை நோக்கிப் புறப்பட்டு, ஒரு சாண் தூரத்தில் களைத்து நின்றது. மைனஸ் 16. 35 இருந்த இடத்தில் 19. எல்லாப் பந்துகளையும் திரும்ப அடுக்கி, தொடக்க அடியையும் நானே அடிக்க வேண்டும் என்பது அதன்மேல் உப்பு. இந்தத் தடவை தொடக்க அடி சரியாக விழுந்தது. யாருக்கு வேண்டும்? பதினாறாவது இன்னிங்ஸில் அவர் 75ஐத் தொட்டார். நான் மேலும் ஐந்து சேர்த்திருந்தேன்.

தாளில் உள்ளதும் இல்லாததும்

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். நான் போட்ட பந்துகள் 44. அபராதமாகக் கொடுத்தவை 20. அவர் போட்டவை 77, கொடுத்தவை 2. இதைப் பார்த்ததும் மூன்று ஃபவுல்தான் என்னைக் கவிழ்த்தது என்று முடிவுகட்டத் தோன்றும். எனக்கும் ஒரு வாரம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மூன்று ஃபவுலை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் அவர் 60, நான் 37. அந்த ஆளிடம் அதை எட்டிப் பிடித்திருக்க மாட்டேன். அதற்கு முந்தைய தலைமாட்டுப் பந்து? அதுவும் முழு விடையில்லை. அந்த நிலைமைக்கு நான் ஏன் வந்தேன் என்பதல்லவா கேள்வி.

விடையை அவரே அன்று சொல்லிவிட்டார், எனக்குத்தான் ஏறவில்லை. ஆட்டம் முடிந்து கைகுலுக்கிவிட்டு, பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டே கேட்டார்: "அந்த ஊதாப் பந்தை ஏன் போட்டீர்கள்?" எந்த ஊதாப் பந்து என்றே எனக்குப் புரியவில்லை. ஸ்கோர் தாளின் பின்பக்கத்தில் முக்கோணம் ஒன்று வரைந்து, பக்கத்தில் புள்ளி வைத்துக் காட்டினார். "சுலபமாக இருந்தது" என்றேன். தலையை ஆட்டினார். மறுத்தாரா, ஆமோதித்தாரா என்று தெரியவில்லை. காப்பியை முடித்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டார்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூடம் காலியாக இருந்தபோது, மூன்று நிலைமைகளையும் அடுக்கிப் பார்த்தேன். ஊதாவைப் பிரேக் பந்தாக விட்டுவைத்து, மஞ்சள் பட்டையை நடுப் பாக்கெட்டில் போடுவது: இருபது தடவையில் பதினேழு விழுந்தது. அதாவது, நான் பயந்து ஒதுக்கிய பந்து அப்படியொன்றும் பயப்படவேண்டியதாக இல்லை. தலைமாட்டுப் பந்தைப் போட்டு அடுக்கையும் கலைப்பது: இருபதில் மூன்று. அதே இடத்தில் பச்சையை மறந்துவிட்டு, அடுக்கின் பின்மூலைப் பந்தை மெதுவாகத் தட்டிக் குஷனைத் தொடவைத்து, வெள்ளையை அடுக்கோடு ஒட்டவைக்கும் சேஃப்டி, அதாவது எதிராளிக்கு வழிவிடாத தற்காப்பு அடி: இருபதில் பன்னிரண்டு ஒழுங்காக வந்தது. காலியான கூடத்தில், யாரும் பார்க்காதபோது அடித்த கணக்கு இது. 34–34இல் கை நடுங்கும்போது இன்னும் குறையும். ஆனால் மூன்றுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள தூரத்தை எந்த நடுக்கமும் மூடிவிடாது.

சேஃப்டியை நான் ஏன் நினைக்கவே இல்லை? கோபம் ஒரு காரணம். தலைமுடி அளவுக்காக ஒரு நல்ல பிரேக் பந்து பறிபோயிற்றே என்ற கோபம். அவர் நேர்மையாகத்தான் நடந்துகொண்டார், சட்டத்தை என் கையிலேயே கொடுத்தார். அந்த நேர்மையின்மேலும் கோபம் வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது காரணம், நின்று பார்த்த அந்த இருவர். பதின்மூன்று பந்து போட்டுவிட்டு, பதினான்காவதுக்குப் பயந்து தட்டிவிட்டு உட்கார்ந்தான் என்று அவர்கள் நினைக்கக் கூடாது. பேர் தெரியாத இருவருக்காக 26 புள்ளிகளைத் தாரைவார்த்தேன்.

மூன்றாவது காரணம் பயிற்சி. நாலு மாதமும் நான் பிரேக் அடியைத் தினமும் பழகினேன். ஆனால் பிரேக் பந்தை என் கையாலேயே எடுத்து, புத்தகத்தில் வரைந்திருப்பதுபோல் அழகான இடத்தில் வைத்து அடித்தேன். ஆட்டத்தில் யாரும் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள். மீந்திருக்கும் பதினான்கில் எதை விட்டுவைப்பது, அதற்குச் சாவியாக எதை வைத்துக்கொள்வது என்பதை முதல் பந்து விழுமுன்னரே பார்த்துவைக்க வேண்டும். நான் பன்னிரண்டாவது பந்து விழுந்த பிறகு பார்த்தேன். சாப்பிட்டு முடித்து இலையை மடித்த பிறகு பாயசம் எங்கே என்று கேட்டவன் கதை. என் பயிற்சி உச்சமான 31இல்கூட இரண்டு பிரேக்குகளும் தற்செயலாக அமைந்தவைதான் என்று இப்போது சந்தேகப்படுகிறேன். தனியாகப் பழகுபவன் சேஃப்டி பழகுவதும் இல்லை. எதிரே யாரும் இல்லாதபோது யாரிடமிருந்து காத்துக்கொள்வது?

நாலாவது ஆட்டத்தையும் தோற்று, பிரிவில் நாலாம் இடத்தில் முடித்தேன். தபால்காரர் காலிறுதிவரை போனார் என்று கேள்விப்பட்டேன்.

மே மாதம் அதே கூடத்தில் இன்னொரு போட்டி. இந்தத் தடவை எதிரே இருந்தவர் என் வயதுக்காரர், பேசிக்கொண்டே ஆடுபவர். இரண்டாவது அடுக்கில் எனக்கு மேசை விரிந்து கிடந்தது. அடிக்கத் தொடங்குமுன் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அடுக்கின் இடப்பக்கம், கோட்டுக்கு நன்றாக வெளியே, சிவப்புப் பந்து ஒன்று. அதுதான் என்று முடிவுசெய்தேன். சாவிக்கு ஒரு நீலம். சுலபமான இடத்தில் இரண்டு முறை சிவப்பு வந்து நின்று என்னைக் கூப்பிட்டது, போகவில்லை. ஒன்பது பந்துகள் விழுந்தன. பத்தாவது அடியில் வெள்ளைப் பந்து கொஞ்சம் கூடுதலாக உருண்டு போய், அத்தனை நேரம் பொத்திப் பொத்திக் காத்த சிவப்பை இடித்து, கால்மாட்டுக் குஷனோடு ஒட்டவைத்துவிட்டது.

நின்று பார்த்தேன். வேறு பிரேக் பந்து இல்லை. மீதியிருந்ததில் சுலபமான ஒன்றைப் போடலாம், இன்னும் இரண்டு மூன்று புள்ளி கிடைக்கும். எதிராளி, "அடடா" என்றார். நான் "சேஃப்டி" என்று சொல்லிவிட்டு, வெள்ளையை அந்தச் சிவப்புக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.